நாலு வாசல், ஒரு கொதிகலன்

பிராங்க்ஸில் நான் பார்க்கும் கட்டடத்துக்கு
வாசல் நாலு.
கொதிகலன் ஒன்று.
அதன் சாவி என் இடுப்பில்.

கீழ்த்தளம் முழுக்கச் சமையல் பள்ளி.
அதற்கு மேல் இரண்டு மாடி
தேர்வெழுதி ஜெயித்தவர்களின் கணிதப் பள்ளி.
உச்சியில், கிழக்குப் பக்கம்,
காது கேளாத பிள்ளைகளுக்கு ஆறு அறைகள்.
மூன்று பள்ளி, மூன்று தலைமையாசிரியர்,
கழுத்தில் தொங்கும் அட்டைக் கயிறும் மூன்று நிறம்.
கடிகாரங்கள் மட்டும் எல்லா மாடியிலும்
ஒரே ஏழு நிமிடம் பிந்தி ஓடும்.

படிக்கட்டில் நாடா ஒட்டியவன் நான்தான்.
பச்சை சமையலுக்கு, நீலம் கணக்குக்கு,
மஞ்சள் அந்த ஆறு அறைகளுக்கு.
ஒருவர் நிறத்தில் இன்னொருவர் கால் படக்கூடாது என்று
ஆகஸ்டில் கூட்டம் போட்டு முடிவெடுத்தார்கள்.
நாலு மணி நேரக் கூட்டம். நாற்காலி போட்டேன், எடுத்தேன்.

என் மகள் டிரிட்டா நீலத்துக்கு எழுதினாள்.
இரண்டு மதிப்பெண்ணில் போயிற்று.
எந்த பெஞ்சு அவளுடையதாக இருந்திருக்கும் என்று தெரியாததால்
எல்லா பெஞ்சுக்கு அடியிலும்
ஒரே அக்கறையோடு பெருக்கினேன்.
பொய்.
முதல் வாரம் கொஞ்சம் இடித்துத்தான் பெருக்கினேன்.

இப்போது அவள் போகும் பள்ளிக்குப் பெயர் கிடையாது,
எண் மட்டும்.
எதிலும் சிறப்பில்லாத பள்ளி.
கொதிகலன் புதுசு அப்பா என்றாள்,
எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று.

பிப்ரவரி. செவ்வாய். இரண்டாம் பீரியட்.
ஃபாதுமாதா அடுப்பில் சர்க்கரையை வைத்துவிட்டு
யாரிடமோ திரும்பிப் பேசியிருக்கிறாள்.
புகை. சங்கு.
உச்சி மாடியில் சங்கு இல்லை, வெள்ளை விளக்கு வெட்டும்.

முதலில் இறங்கியவர்கள் அவர்கள்தான்.
கணக்குப் பிள்ளைகள்
இது ஒத்திகையா நிஜமா என்று வாதாடி முடிப்பதற்குள்
பச்சை, நீலம், எது கிட்டவோ
அதில் மிதித்து
நடைபாதைக்கு வந்துவிட்டார்கள்.

வெளியே பனி. யாரிடமும் கோட்டு இல்லை.
ஆயிரத்துச் சொச்சம் பேர் ஒரே சுவரோரம்.
வாசலுக்கு மேலேதான் சங்கின் வாய்;
பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது.
தலைமையாசிரியர்கள் மூவரும்
மீன்போல வாயைத் திறந்து மூடினார்கள்.
பேச்சு நடந்தது ஓர் இடத்தில் மட்டும்:
தெருவுக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம்,
விரல்களில், வேகமாக, நடுவே சிரிப்போடு.

ஓபின்னா, நீலக் கயிறு,
என்ன ஆச்சு என்று புருவத்தால் கேட்டான்.
மாரிஸ்லேடி ஒரு கையைச் சட்டியாக்கினாள்,
மறு கையை அதற்கடியில் தீயாக்கினாள்,
பிறகு சர்க்கரையாகவே மாறி
முகத்தை மெல்லக் கருக்கிக் காட்டினாள்.
அவன் செய்து பார்த்தான். தப்பு.
ஏப்ரன் கட்டிய நாலு பேர் செய்து பார்த்தார்கள்.
ஃபாதுமாதா அழுதுகொண்டிருந்தவள்
தன் குற்றத்தைத் தானே கையால் சொல்லிப் பார்த்தாள்.
அவளுடையதுதான் சரியாக வந்தது.

சங்கு நின்றது.
ஒலிபெருக்கி வந்தது.
பச்சை இங்கே, நீலம் அங்கே.

ஈர ஷூக்கள் ஏறியதில்
மூன்று நாடாவும் நார்நாராய் வந்துவிட்டன.
காலைக்குள் ஒட்டிவிடு பெஸ்னிக் என்றார்கள்.
ஒட்டினேன்.
அது என் வேலை, சம்பளம் அதற்கும் சேர்த்துத்தான்.

வீட்டில், சாப்பிடும்போது,
டிரிட்டாவுக்கு அந்தச் சர்க்கரையைச் செய்து காட்டினேன்.
அவள் ரொட்டியைக் கீழே வைத்தாள்.
தீயை இவ்வளவு உயரத்தில் பிடிக்காதே என்று
என் மணிக்கட்டைப் பிடித்து இறக்கினாள்.
விரல்களைப் பிரித்துவிட்டாள்.

உங்கள் பள்ளியில்
இதற்கென்று பிரிவு ஏதும் இல்லையே என்றேன்.

இல்லை, என்றாள்.
பக்கத்து பெஞ்சில் ஒருத்தன் இருக்கிறான்.
உப்பை எடு.